ஐயம்பிள்ளை கடையின் பின்வளவு

ஜூரி என்றால் பன்னிரண்டு பேர் என்று படித்தவர்களும் அரைகுறையாகப் படித்தவர்களும் ஒரே உறுதியோடு நம்பிவருகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிட முடியாது. பன்னிரண்டு பேர் இங்கிலாந்தில். குளிர்நாடு, ஆட்கள் நெருக்கியடித்து இருந்தால்தான் சூடு. இலங்கையில் ஏழு பேர். ஏழு பேரும் ஒருமனப்பட வேண்டும் என்பது அடுத்த பிழை. ஐந்து பேர் ஒரு பக்கம் நின்றால் போதும். மற்ற இருவரும் தொண்டை கிழியக் கத்தினாலும் தீர்ப்புத் தீர்ப்புத்தான். நாலும் மூன்றுமாகப் பிரிந்தால் மட்டும் அது தீர்ப்பாகாது. ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஏழு பேரை இருத்தி முதலிலிருந்து தொடங்குவார்கள். மூன்றாவது பிழைதான் பெரியது: ஜூரி அறையின் கதவு பூட்டப்பட்ட பிறகு அந்த ஏழு பேரும் சமம் என்ற நம்பிக்கை. அப்படியில்லை என்பதற்கான ஆதாரம் அந்த வியாழக்கிழமை பின்னேரம் இரண்டே முக்கால் மணிக்கு ஒரு தட்டத்தில் வந்து மேசைமேல் இறங்கியது. ஆறு பேருக்கு ஆறு பீங்கான் கோப்பைகளில் தேநீர். ஏழாவது ஆளுக்கு அதே தேநீர், அதே சீனி, பச்சைநிறச் சோடாப் போத்தலில். நாலு நாளாக இப்படித்தான். பியூனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை. முதல்நாள் காலை ஏழு பெயர்களைக் கூப்பிட்டு ஏழு ஊர்களைக் கேட்டதுமே அவனுக்குக் கணக்குச் சரிவந்துவிட்டது. ஏழாவது ஆள் நாகமணி மாஸ்டர். வயது நாற்பத்தொன்று, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் சுகாதாரமும் படிப்பிக்கிறவர், குடிக்கும் பாத்திரங்களைச் சுடுநீரில் கழுவ வேண்டும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவர். நாலு நாளாக அந்தப் போத்தலை அவர் தொடவில்லை. தொடாமல் விடுவதும் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் கோபத்தில் பட்டினி கிடந்தால் கிடக்கிறானே என்று கேட்க ஓர் ஆளாவது வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் தாகம்.

நீதியரசர் மூன்று மணித்தியாலம் வழக்கைச் சுருக்கிச் சொல்லியிருந்தார். அதைவிடச் சுருக்கமாகவும் சொல்லலாம். புளியங்கேணிச் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஐயம்பிள்ளை, மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு, தன் கடையின் பின்வளவில், சுருட்டுக் கொட்டில் முதலாளி சபாரத்தினத்தின் தலையில் விறகுக் கோடாலியால் கொத்திக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. கோடாலி கடையுடையது. அன்று காலையில் இருவரும் கடைக் காணியின் எல்லைபற்றி வாய்த்தர்க்கப்பட்டது உண்மை. ஆனால் கொத்தியதைக் கண்ட சாட்சி ஒரே ஒருவர்தான், மார்க்கண்டு. கடையின் முன்வாங்கிலில் குந்தியிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன், பின்கதவு திறந்திருந்தது, அதனூடாகப் பார்த்தேன், ஐயம்பிள்ளை கோடாலியை ஓங்கினார், கண்டேன் என்றார். அரசாங்கத்துக்காக வழக்காடிய அப்புக்காத்து அவரிடம் நாலு தரம் கேட்டார், அவர் நாலு தரமும் கண்டார். கொழும்பிலிருந்து வந்த எதிர்த்தரப்பு அப்புக்காத்து, கண்ணாடி போடுகிறவரா, வெயில் எந்தப் பக்கம், எத்தனை அடி என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார். பொலிஸ் வரைந்த பிளானில் முன்வாங்கிலிலிருந்து பின்வளவு மரத்தடிவரை பென்சிலால் கோடு கீறியது போல நேர்ப்பார்வை. இருபத்தாறு அடி. இதற்கு மேல் கேட்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அறைக்குள் வந்து கதிரைகளில் இருந்ததும், மூத்த ஜூரராகத் தெரிவான அம்பலவாணர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், எதையும் முத்திரை குத்துகிற மாதிரி மேசையில் விரலால் குத்திக் குத்திக் கதைக்கிறவர், “கையை உயர்த்துவம், கெதியா முடிப்பம். நாளைக்கு வெள்ளிக்கிழமை” என்றார். குற்றவாளி என்று நாலு கை: அம்பலவாணருடையது, கட்டட ஒப்பந்தக்காரர் இலகுநாதனுடையது, புகையிலை வியாபாரிகளான மாமன் மருமகன் இருவருடையது. மருமகன் மாமனின் கையைப் பார்த்து உயர்த்தினார். குற்றவாளி இல்லை என்று இரண்டு கை: ஐக்கியச் சங்கக் கடை மனேஜர் சிவஞானம், நாட்டுவைத்தியம் பார்க்கும் பரியாரியார். நாகமணியின் இரண்டு கைகளும் மேசைக்குக் கீழே இருந்தன. ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள். நாலு நாளில் அவரை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தது இதுதான் முதல்தரம். நாலோடு ஒன்று சேர்ந்தால் ஐந்து. ஐந்து போதும். ஒரு மனிதனைத் தூக்கில் போட அவர்களுக்கு ஒரு கை குறைந்தது, அந்தக் கை சோடாப் போத்தலுக்கு முன்னால் இருந்தது. “எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேணும்” என்றார் நாகமணி. “யோசிக்கலாம், யோசிக்கலாம். ஆனா கனக்க யோசிக்கத் தேவையில்லை” என்று அம்பலவாணர் சுவரைப் பார்த்துச் சொன்னார். நாகமணியோடு கதைக்கும்போது அவர் சுவரைத்தான் பார்ப்பார். நீ என்று சொல்லச் சட்டம் விடவில்லை, நீங்கள் என்று சொல்ல நாக்கு விடவில்லை, இரண்டுக்கும் நடுவில் நீர் என்று ஒன்று இருக்கிறது, அதையும் ஒரு மாஸ்டருக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. ஆகவே நாலு நாளாக, வரலாம், இருக்கலாம், போகலாம் என்று வினைகளை ஆளில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். முகவரியில்லாத கடிதத்தை ஏற்கக்கூடாது என்று முப்பது வருடம் உத்தியோகம் பார்த்த மனிதர்.

கோபத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று நாகமணி நம்பினார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினால் யாரை அடிப்பது என்று தெரியாது, ஒவ்வொருவராக எழும்பு என்று சொல்ல வேண்டும். முதலில் எழும்பியது போத்தல். பிறகு பியூன். பிறகு சுவரைப் பார்க்கும் அம்பலவாணர். இவர்களையெல்லாம் இரு என்று சொல்லி இருத்தலாம். இருக்கமாட்டேன் என்று பின்வரிசையில் நின்றது ஐயம்பிள்ளைதான். நாலு நாளாகக் கூண்டில் நின்ற மனிதரின் கழுத்தையே நாகமணி பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த கழுத்து, மடிப்புக்குள் வியர்வை, வெள்ளைச் சால்வையின் ஓரம் அழுக்கு. அந்தக் கழுத்து தேநீர் ஆற்றும்போது எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். கோப்பைக்கு ஆற்றும்போது குனியும். தகரப் பேணிக்கு ஆற்றும்போது நிமிரும், ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், பாத்திரம் பேணியில் பட்டுவிடக்கூடாது, பார்வையும் பேணியைத் தவிர வேறெதிலும் பட்டுவிடக்கூடாது. கடையின் பின்வளவில் ஒரு பூவரசு நிற்கிறது. அதில் ஆறேழு ரின்பால் பேணிகள் கயிற்றில் தொங்கும். வருகிறவன் ஒன்றைக் கழற்றி, தானே கழுவி, நிலத்தில் வைத்து, மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். ஐயம்பிள்ளை வந்து ஊற்றிவிட்டுப் போவார். பத்தொன்பது வயதில், ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாகமணி அந்தப் பூவரசின் கீழே நின்றார். சந்தோசத்தில் கடிதத்தைப்பற்றிச் சொல்லப்போய் மூன்றடி இரண்டடியாகிவிட்டது. சுடுதேநீர் தெறித்து சட்டைப்பையில் பட்டது. “படிப்பு அவிஞ்சு போச்சு” என்று ஐயம்பிள்ளை சொல்லிச் சிரித்தார், கெட்ட சிரிப்புக்கூட இல்லை, வியாபாரிகள் வெயிலைப்பற்றிச் சொல்லிச் சிரிப்பார்களே அப்படி ஒன்று. கடிதத்தில் கல்லூரித் தலைவரின் கையெழுத்து ஊதிப்போய் நீலப்பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கழுத்து. அந்தக் கழுத்தில் ஒரு கயிறு விழுந்தால் நான் அழப்போவதில்லை என்று நாகமணி நினைத்தார், நினைத்ததை உடனே திருத்தினார், விழுந்தால் எனக்குச் சந்தோசம், அதுதான் சரியான விடை. பிறகு அந்த விடைக்குக் கீழே தானே சிவப்புக் கோடு போட்டார், கேள்வி அதுவல்ல, கேள்வி சபாரத்தினம். பேணிக்குத் தூக்கு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சட்டம் வந்து நாலு வருடம், தேநீர்க்கடையில் ஆளுக்கு ஆள் பேதம் காட்டினால் சிறு தண்டம், மிஞ்சினால் ஆறு மாத மறியல், அதாவது சிறை. ஆறு மாத மறியலுக்குரிய ஆளைத் தூக்கில் போடுவது வட்டியும் முதலுமாக வாங்குவது. வாங்கினால் என்ன? இருபத்திரண்டு வருடம்.

ஆனால் தட்டி. இந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய யோசனை ஒவ்வொரு தரமும் முள்ளில் மாட்டிய வேட்டி போல நின்றது. பின்கதவுக்கு வெளியே, ஒன்றரை முழம் தள்ளி, கதவைவிட இரண்டு பங்கு அகலத்தில் தென்னங்கிடுகால் கட்டிய ஒரு மறைப்புத் தட்டி. முன்வாங்கிலில் இருந்து குடிக்கிறவர்கள் பின்வளவில் நின்று குடிக்கிறவர்களைக் காணக்கூடாது, கண்டால் தேநீர் ருசிக்காது, அதற்காகக் கட்டியது. பின்கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும், புகை போக வேண்டும். திறந்த கதவால் பார்த்தால் தெரிவது கிடுகு. கிடுகைத் தவிர ஒரு மயிரும் தெரியாது. மார்க்கண்டு எதைக் கண்டார்? பிளானில் தட்டி இல்லை. ஏன் இல்லை என்றும் நாகமணிக்குத் தெரியும், அக்கா சொன்னாள், பின்வளவுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அக்கா: “பொலிசு வருகுதெண்டோடனை ஐயம்பிள்ளையின்ரை மச்சான் ஓடிவந்து முதல் வேலையா தட்டியைப் பிடுங்கி அடுப்பிலை வைச்சான். பேணியளைக் கிணத்துக்கை போட்டான். பிணம் அங்கை கிடக்குது, இவன் பேணி பொறுக்கிறான்.” ஆறு மாத மறியலுக்குப் பயந்து. கூண்டில் நின்ற ஐயம்பிள்ளையும், உன் கடையில் எல்லோரும் எங்கே இருந்து குடிப்பார்கள் என்று தன் அப்புக்காத்து கேட்டபோது, “எல்லாரும் ஒரே வாங்கிலை ஐயா, எனக்குப் பேதம் கிடையாது” என்றார். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருள் தன் கடை அடுப்பிலேயே எரிந்துபோக, அதன் சாம்பல்மேல் சத்தியம் பண்ணிய மனிதர். கழுத்தா மானமா என்றல்ல, கழுத்தா ஆறு மாதமா என்று கேட்டிருந்தால்கூட அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கும். பேதம் கிடையாது என்ற பொய் அவ்வளவு காலம் பழகியதால் அதைக் கூண்டில் எடுத்து வைத்தால் என்ன விலை என்று யோசிக்கவே இல்லை. கொலைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது நாகமணி அந்தத் தட்டியைக் கண்ணால் கண்டார். புதுக் கிடுகு, இன்னும் பச்சை மாறவில்லை. சட்டம் வந்து நாலு வருடமாகியும் புதுசாகக் கட்டுகிறான் பார் என்று வயிறெரிந்து, வீட்டுக்குப் போய்ப் பெரிய இடத்துக்கு ஒரு மனு எழுதத் தொடங்கி, மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டார். அந்த மூன்று வரியும் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

இப்போது வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்வியை நாகமணியே பல தரம் கேட்டுவிட்டார். சத்தியம் செய்வதற்கு முன், எதிரியை, கூண்டில் நிற்கிறவரை, அறிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டார்களே, ஏன் எழும்பவில்லை? எழும்பினால் எப்படி அறிவாய் என்று கேட்பார்கள். இருநூறு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஐயம்பிள்ளைக்கும் ஏழு ஜூரிமாரில் யாரையும் வேண்டாம் என்று சொல்ல உரிமை இருந்தது. நாகமணியின் முகத்தை நேரே பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். பின்வளவில் நிற்கிறவர்களின் முகத்தை அவர் பார்த்ததில்லை. பேணியைக் காட்டியிருந்தால் அடையாளம் கண்டிருப்பார். இந்த இடத்தில் சட்டத்தின் நிலைப்பாட்டைப் பதிந்து வைப்பது நல்லது: ஜூரர் ஒருவருக்கு வழக்கைப்பற்றித் தனியாக ஏதாவது தெரிந்தால் அவர் அதை நீதியரசரிடம் சொல்லி, கூண்டில் ஏறி, எல்லோரையும் போலச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும், ஜூரி அறைக்குள் இருந்து காதுக்குள் குசுகுசுக்கக் கூடாது. நாகமணிக்கு இது தெரியும். இரண்டு நாள் நித்திரையில்லாமல் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். கை உயர்த்தாமல் இருக்கலாமா, முடியாது. குற்றவாளி என்று உயர்த்தினால் ஐந்து, தூக்கு, கதை முடிந்தது. குற்றவாளி இல்லை என்று சும்மா உயர்த்தினால் நாலும் மூன்றும், வேறு ஏழு பேர், அதே மார்க்கண்டு, அதே பிளான், அதே தூக்கு, மூன்று மாதம் தள்ளி. என்னுடைய கை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான்; சுகாதார பாடம். வாயைத் திறந்து நாலு பேரில் இரண்டு பேரையாவது இந்தப் பக்கம் திருப்பினால்தான் அந்தக் கழுத்து தப்பும். வாயைத் திறந்தால், பேணி, பூவரசு, மூன்றடி, எல்லாம் இந்த மேசைமேல் வந்து விழும், அதுவும் இந்தப் போத்தலுக்குப் பக்கத்தில், இவர்களுக்கு முன்னால். அதையும் பொறுக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்று இருட்டில் குந்திக்கொண்டிருந்தது. பின்வளவு யாருடைய இடம்? எங்களுடையது. தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றது யார் என்று கேட்டால் என்ன விடை? ஐயம்பிள்ளையைக் கூண்டிலிருந்து இறக்கினால் கூண்டு வெறுமையாக இருக்காது, வெறுமையாக விடமாட்டார்கள், ஒழுங்கையில் இறங்கி முதலில் கண்ட வீட்டுக்குள் நுழைவார்கள், அக்காவின் வீடு முதல் வீடு, அக்காவின் புருசன் சுருட்டுக் கொட்டிலில் சபாரத்தினத்திடம் வேலை செய்தவர். ஐயம்பிள்ளைக்காக நான் ஏன் பயப்பட வேண்டும், எனக்கு ஏன் இந்தச் சீலம்பாய், இந்த அவதி, எவனோ ஒருவன் தன் தட்டியை எரித்ததற்கு நான் ஏன் வேக வேண்டும் என்று மனம் கத்தியது. கத்திக் கத்திக் களைத்து, பிறகும் தட்டிக்குத்தான் திரும்பி வந்தது.

“மணி மூண்டே கால்” என்றார் அம்பலவாணர். மாமன் வியாபாரி ஏப்பம் விட்டார். சிவஞானம் மெதுவாக, “ஒரே ஒரு சாட்சியை வைச்சு ஒருத்தனைத் தூக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை” என்று ஆறாவது தரமாகச் சொன்னார். “ஒருத்தன் கண்டால் காணாதோ? ரெண்டு கண் இருக்குத்தானே” என்று இலகுநாதன் சொன்னதும் மருமகன் சிரித்து, மாமன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். பரியாரியார் கண்ணை மூடியபடி, “நாடி பாக்காமல் மருந்து குடுக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். “ஐயம்பிள்ளையை எனக்குத் தெரியாதே? பதினாறு வருசமா அங்கைதான் பிளேன்ரீ. நல்ல மனுசன். ஆனா கோவக்காரன். எனக்கு மனவருத்தம்தான். எண்டாலும் சாட்சி சாட்சிதானே” என்று இலகுநாதன் பெருமூச்சு விட்டார். எதிரியை அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டபோது இந்தக் குண்டு மனிதரும் வாயைத் திறக்கவில்லை என்பது நாகமணிக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்கு முன்பக்கம் தெரியும், எனக்குப் பின்பக்கம் தெரியும், இரண்டு பேரும் ஒரே கடைக்காரனுக்காக ஒரே கதிரை வரிசையில். அந்த நேரத்தில்தான் அம்பலவாணர் ஒரு காரியம் செய்தார். தன் கோப்பையை, இன்னும் உதடு வைக்காதது, சாசரோடு தூக்கி, மேசைக்குக் குறுக்கே தள்ளி, நாகமணிக்கு முன்னால் வைத்தார். போத்தலை ஒரு விரலால் ஓரமாக நகர்த்தினார். பிறகு நாலு நாளில் முதல்தரமாக அவருடைய முகத்தைப் பார்த்து, “மாஸ்டர், இதைக் குடியுங்கோ. குடிச்சுப்போட்டு ஒரு முடிவுக்கு வருவம். நாங்கள் ஏழு பேரும் ஒரே ஆக்கள்தானே” என்றார். அறை முழுவதும் அந்தக் கோப்பையைப் பார்த்தது. ஓரத்தில் பொன்கோடு ஓடிய வெள்ளைக் கோப்பை, ஆடை படியத் தொடங்கிய தேநீர். நாற்பத்தொரு வருடமாகக் கிடைக்காத கோப்பை, நீங்கள் என்ற மரியாதை, ஒரே ஆக்கள் என்ற உறவு, எல்லாம் ஒரு சாசரில், விலை ஒரு கழுத்து. இவ்வளவு மலிவாகத் தருவார்கள் என்று தெரிந்திருந்தால் முதல்நாளே யாரையாவது தூக்கில் போட்டிருக்கலாமே.

“தேத்தண்ணி வேண்டாம்” என்றார். “நான் குடிச்ச தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லுறன், கேளுங்கோ. முதல்லை ஒரு கேள்வி. இலகுநாதன் ஐயா, பதினாறு வருசம் முன்வாங்கிலை இருந்து குடிக்கிறனீங்கள். பின்கதவு எந்த நேரமும் திறந்துதான் கிடக்கும். பின்வளவிலை என்ன மரம் நிக்குது?” இலகுநாதன் சிரிக்கப் பார்த்தார். “என்ன மாஸ்டர், சோதனை வைக்கிறியள்? மரம்... தென்னையாக்கும்.” “தென்னை இல்லை.” “அப்ப வேம்பு.” “பூவரசு” என்றார் நாகமணி. “பிளானை விரிச்சுப் பாருங்கோ.” மூன்று நாளாக மடித்தபடி கிடந்த பிளானை அம்பலவாணர் விரித்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், விரலால் தேடினார். “பூவரசு எண்டுதான் போட்டுக் கிடக்கு” என்றார். “இருபத்தாறு அடி, நேர் எதிரை, யானை மாதிரி நிக்கிற மரம். பதினாறு வருசமா இவர் அதைக் காணேல்லை. மார்க்கண்டு அதுக்குக் கீழை நடந்ததைக் கண்டவராம். ஏன் இவர் காணேல்லை? ஏனெண்டால் இடையிலை கிடுகுத் தட்டி. அந்தத் தட்டி ஏன் கட்டினது? நான் உங்கடை கண்ணிலை படக்கூடாது எண்டு கட்டினது. நான் அந்தப் பூவரசுக்குக் கீழை நிண்டு, ரின்பால் பேணியை நானே கழுவி, நிலத்திலை வைச்சு, மூண்டடி தள்ளி நிண்டு குடிச்சனான். ஐயம்பிள்ளை ஊத்தினவர். அந்தத் தட்டி கொலைக்கு ரெண்டு நாளுக்கு முன்னமும் அங்கை நிண்டது, புதுக் கிடுகு, என்ரை கண்ணாலை கண்டனான். பொலிசு வரமுதல் பிடுங்கி எரிச்சவை, எங்களுக்குப் பேணியிலை குடுக்கிறது வெளியிலை வந்திடும் எண்டு பயந்து. இந்தா பாருங்கோ, இந்தப் போத்தல் மாதிரித்தான்” என்று போத்தலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, கோப்பைக்குப் பக்கத்தில் டொக் என்று வைத்தார். “விளங்குதோ?”

வெளியே யாரோ அரைத்தூக்கத்தில் கொட்டாவி விடுவது கேட்டது. பிறகு மாமன் வியாபாரி கதிரையில் முன்னுக்கு வந்தார்; மருமகனும் வந்தார். மாமன்தான் கேட்டார்: “அப்ப பின்வளவிலை நிண்டது ஆர்? உம்முடை ஆக்கள்தானே. ஐயம்பிள்ளையை விட்டால் அடுத்த முறை கூண்டிலை உம்முடை சொந்தக்காரன் ஒருத்தன்தான் நிப்பான். யோசிச்சுக் கதையும் காணும்.” இருட்டில் குந்தியிருந்தது எழும்பி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. வந்த பிறகு அது நினைத்த அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை. “கொலை நாலரைக்கு” என்றார் நாகமணி, வகுப்பில் கடைசி வாங்கிலுக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக. “எங்களுக்கு அங்கை அஞ்சரைக்குப் பிறகுதான். முன்பக்கச் சனத்திலை முக்கால்வாசி குடிச்சு முடிஞ்சு, சாயம் போன தேயிலைதான் எங்களுக்கு. அதுக்கு முன்னம் வளவுக்கை காலடி வைச்சால் சுடுதண்ணி ஊத்துவார். நாலரைக்கு அங்கை எங்கடை ஆள் ஒருத்தன் நிண்டவன் எண்டு சொல்லுறதெண்டால், ஐயம்பிள்ளை எங்களை நாலரைக்கு உள்ளுக்கை விட்டவர் எண்டு முதல்லை நீங்கள் காட்டவேணும். காட்டுங்கோ பாப்பம். காட்டினால் நான் சந்தோசப்படுவன்.” பரியாரியார் கண்ணைத் திறந்தார். சிவஞானம் தன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் கீழே வைத்தார். இலகுநாதன்தான் பிறகு கதைத்தார், மேசையைப் பார்த்துக்கொண்டு, வெட்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது, கணக்கில் பிழை கண்ட மனிதர் போல: “ஓம். ஒரு தட்டி நிண்டதுதான். கதவுக்கு நேரை. நான் அங்காலை குசினி எண்டு நினைச்சிருந்தன்.” “பதினாறு வருசமாவோ?” என்றார் பரியாரியார். “அங்காலை போற தேவை எனக்கென்ன?” என்றார் இலகுநாதன், கொஞ்சம் கோபமாக.

அம்பலவாணர் பிளானை மறுபடி மடித்தார். நாலாக மடிந்திருந்த தாளை அதே மடிப்பில் மடிக்க அவருக்கு நேரம் எடுத்தது. நாகமணி அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியாது என்று நினைத்தார். அவர் இப்போது நல்லது செய்தால்கூட முடியாது. நல்லது செய்தால் இன்னும் கஷ்டம். ஐயம்பிள்ளையையும் முடியாது. அந்தக் கழுத்து இன்றைக்கு வீட்டுக்குப் போய் எண்ணெய் வைத்து முழுகும், நாளைக்கு அடுப்பு மூட்டும். நான் மூட்டிக் கொடுத்த அடுப்பு. இருபத்திரண்டு வருடமாக நான் சேர்த்துவைத்திருந்த கோபம் இவ்வளவுதானா, அவனுக்குச் சாட்சியாகப் போக மட்டும்தான் உதவியதா? நீதி என்றால் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வரும் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. வந்தது நெஞ்செரிவுதான், காலையிலிருந்து ஒன்றும் குடிக்காததால். “காணாததைக் கண்டன் எண்டு சொன்னவனை நம்பேலாது” என்று அம்பலவாணர் கடைசியில் மேசைக்குச் சொன்னார், ஒரு விரலால் குத்தி. “முப்பது வருசம் ரெஜிஸ்தர் தபால் பாத்தனான். கையெழுத்து இல்லாட்டி இல்லைத்தான். திருப்பக் கையை உயர்த்துவம்.” குற்றவாளி இல்லை என்று ஐந்து கைகள். மாமனும் மருமகனும் உயர்த்தவில்லை. மருமகனின் கை ஒரு கணம் மேசையை விட்டு எழும்பி, மாமனின் முழங்கை பட்டதும் இறங்கியது. சட்டப்படி பிழையான வழியில் கிடைத்த இந்தச் சரியான தீர்ப்பை வேறு யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று அம்பலவாணர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள், அப்படித் தலையாட்டிய கதைகள்தான் ஊரில் முதலில் பரவுகின்றன.

நீதிமன்றத்தில் அம்பலவாணர் எழும்பி, ஐந்துக்கு இரண்டு, குற்றவாளி அல்ல என்றார். ஐயம்பிள்ளை கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். பொலிஸ்காரன் தோளில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. எழும்பி நீதியரசரைக் கும்பிட்டார், அம்பலவாணரைக் கும்பிட்டார், பதினாறு வருட வாடிக்கையாளரான இலகுநாதனைக் கண்டு அழுதார். நீதியரசர் ஜூரிமாருக்கு நன்றி சொல்லி, நாலு நாள் சிரமத்தைக் கருதி ஏழு பேரையும் இரண்டு வருடத்துக்கு ஜூரிக் கடமையிலிருந்து விலக்குவதாகவும், அதற்கான கடிதம் அலுவலகத்திலிருந்து வீடுகளுக்கு வரும் என்றும் சொன்னார். மூன்று கிழமை கழித்து பஸ் நிலையத்தில் சிவஞானம் நாகமணியைக் கண்டு, “கடிதம் வந்ததோ மாஸ்டர்? எனக்கு வந்திட்டுது. ரெண்டு வருசம் ஆறுதல்” என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நாகமணியும் தன்னுடையதை எடுத்து விரித்தார். ஒரே அச்சு, ஒரே தாள், ஒரே முத்திரை. நாகமணியின் கடிதத்தில் ‘இரண்டு வருட காலத்துக்கு’ என்று அச்சடித்திருந்த இடம் நீல மையால் வெட்டப்பட்டு, மேலே ‘நிரந்தரமாக’ என்று எழுதி, ஓரத்தில் யாரோ சுருக்கக் கையெழுத்து வைத்திருந்தார்கள்.